இரண்டு வீட்டில் எண்ணப்பட்ட மனிதர்

நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் லைலாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அவருடைய கணவர் றாஸிக்குக்குச் சந்தோஷம். "என்ட சீனி வருத்தத்தையும் சேத்து எழுதுங்க தங்கச்சி, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார். லைலா ராத்தாதான் யோசித்தார். யோசித்துவிட்டு, "ஆக்கள்ட பேரெல்லாம் போடத்தான் வேணுமா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு கடதாசியில் சம்மதம் எழுதி, கணவரும் தானும் மாமியும் தங்கையும் கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு பிரதி, தங்களுக்கு ஒரு பிரதி என்று பிரித்த பிறகே பேச உட்கார்ந்தார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

என் பெயர் நுஸ்ஹா. ஊர் அக்கரைப்பற்று. உயர்தரத்தில் கணிதம் படித்தவள். இதை நான் யாரையும் மறக்க விடுவதில்லை. ஒலுவிலில் கடலைப் பார்த்த ஒரு மாடி மண்டபத்தில் அந்தப் பயிற்சி தொடங்கிய நாளிலும், என்னை அறிமுகப்படுத்தச் சொன்னபோது பெயருக்கு முன்னால் இதைத்தான் சொன்னேன்.

விளம்பரம் இப்படி இருந்தது: "குறைந்த பிரதிநிதித்துவம் உள்ள சமூகங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பொதுச் சுகாதாரத் தரவுப் பயிற்சி. ஆறு மாதம். சனி, ஞாயிறு." விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, நீங்கள் ஏன் இதற்குப் பொருத்தமானவர் என்று. நான் என் பெறுபேறுகளை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். லைலா ராத்தா இரண்டு வரி எழுதியிருந்தார்: "எங்கள் ஊரில் கணக்கெடுக்க வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர் ஆட்கள். எண்ணப்படுகிறவர்கள் மட்டும் நாங்கள்." பயிற்சியை நடத்திய முர்ஷித் சேர் இதை முதல் வகுப்பிலேயே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து லைலா ராத்தாவோடு எனக்கு ஒரு போட்டி. அவருக்கு அது தெரியாது.

அப்போது லைலா ராத்தாவுக்கு முப்பத்தொன்பது வயது. சாய்ந்தமருதுக்காரி. இரண்டு பெண் பிள்ளைகள். பதினொரு வருஷம் ஒரு தாய் சேய் கிளினிக்கில் தொண்டராக இருந்து, குழந்தைகளை நிறுத்து நிறையைப் புத்தகத்தில் எழுதியவர். வீட்டிலிருந்தே படித்துப் பட்டமும் எடுத்திருந்தார். கணினியைத் திறந்தால் முதலில் பிஸ்மில்லாஹ் சொல்வார். பிறகு இரண்டு சுட்டுவிரலால் மட்டும் தட்டுவார். நான் பத்து வரி முடிக்கும்போது அவர் மூன்றில் நிற்பார். ஆனால் அந்த மூன்றில் பிழை இருக்காது.

முர்ஷித் சேர் மருதமுனையைச் சேர்ந்தவர், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் நாற்பது ஸ்லைடு இல்லாமல் அவருக்கு எதையும் சொல்ல வராது. ஒருநாள் காலை முழுக்க 'தனிநபர் தகவலின் இரகசியத்தன்மை' பற்றிப் பாடம் எடுத்தார். பெயர் நீக்குவது, இலக்கம் கொடுப்பது, சம்மதம் வாங்குவது, யாருடைய தகவல் என்று விளங்கினாலும் வெளியே சொல்லாமல் இருப்பது. மூன்று மணித்தியாலம். பதினான்கு பெண்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டோம். லைலா ராத்தா கை உயர்த்தினார்.

"சேர், ஒராள் நம்பித் தந்த சாமான நாம ஒப்புக்குடுக்கிற வரைக்கும் பாதுகாக்கிற மாதிரி. அமானிதம்தானே இது?"

சேர் ஸ்லைடை நிறுத்தி, "ஓம், அமானிதம்தான்" என்றார்.

"அப்ப இத வெள்ளன சொல்லியிருக்கலாமே" என்றேன் நான். அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

பாடம் முடிந்து எல்லாரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம். நான் வாசிக்காமல் போட்டேன். லைலா ராத்தா நிக்காஹ் பதிவில் போடுவதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் தங்கை ஸாலிஹாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து குணமாகியிருந்தது. எங்கோ ஒரு மருந்தகத்தில் பதிவுப் புத்தகத்தைப் பார்த்த யாரோ வாயை விட்டதில், பேசி முடித்திருந்த கலியாணம் நின்றுபோனது. அது நடந்து ஒன்பது வருஷமாகியும் அந்த வாய் யாருடையது என்று தெரியவில்லை. "அந்த வாயா நான் ஒருக்காலும் இரிக்கப்படா" என்று பஸ்ஸில் ஒருதரம் என்னிடம் சொன்னார். 

மூன்றாம் மாதம் களத்துக்குப் போனோம். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் குலுக்கி எடுத்த வீடுகள். வீட்டில் யார் யார் என்று எழுதி, பெரியவர்களுக்கு விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். யாரும் தன் ஊரில் வேலை செய்யக்கூடாது என்பது சேரின் விதி. எனக்குக் கல்முனைக்குடி கிடைத்தது.

படிவம் கொழும்பில் தயாரானது. 'ஒரே சமையலில் வழமையாக உண்பவர்கள் ஒரு வீட்டார்' என்று அதில் எழுதியிருந்தது. படிக்கும்போது எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார் என்பதும், போன மாப்பிள்ளை வருஷக்கணக்காக உம்மா வீட்டுச் சமையலை விடமாட்டார் என்பதும் பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். என் வாப்பாவே அப்படித்தான். ஆனால் படிவத்தைக் கையில் எடுத்ததும் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

ஒரு பகல், ஒரு மணிக்கு, ஆசியா உம்மா என்பவரின் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் என் வயதைக் கேட்டார். பிறகு கலியாணம் முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றதும் படிவத்தை நிரப்ப உதவுவதைவிட என் கலியாணத்துக்கு வழி பார்ப்பதில்தான் அவருக்கு அக்கறை வந்தது. ஒருவாறு இழுத்துப் பிடித்துக் கேட்டேன்.

"ஊட்டுல எத்தின பேர் உம்மா?"

"நானும் என்ட மகனும்."

மகன் மேசையில் கை கழுவிவிட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தார். ஆறடி உயரம். கால் பெருவிரலில் ஒரு கட்டு.

"இவர் இங்கதான் இரிக்கிறாரா?"

"பின்ன? கண்ணுக்கு முன்னால குந்தி இரிக்கிறானே மகள்."

"இங்க சமைக்கிறதத்தான் சாப்பிடுறாரா?"

"வேற எங்க சாப்பிடப் போறான்?"

மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உம்மா ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடியது. பிறந்த தேதியைக் கேட்டேன், உம்மாவே சொன்னார். நானும் எழுதினேன். அந்த வீட்டுக்கு இலக்கம் 117.

விரலில் குத்திப் பார்த்தால் இருநூற்று எண்பத்தாறு. இன்னும் ஒரு பருக்கை சோறு வாயில் வைக்கவில்லை. நான் கிளினிக்குக்குப் போகச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன், ஒரு கிழமைக்குள் போக வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னேன். மனிதரின் முகம் வெளிறிவிட்டது.

"தங்கச்சி, இது வேற ஆருக்கும் தெரிய வருமா?"

"ஒருத்தருக்கும் தெரியா. பேரே வராது. இலக்கம் மட்டும்தான்" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த முறை மாதிரி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், என் கண் முன்னாலேயே இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். ஆசியா உம்மா கடிதத்தை வாங்கி எங்கோ கொண்டுபோய் வைத்தார்.

அந்த மனிதர்தான் லைலா ராத்தாவின் கணவர் என்று எனக்குத் தெரியாது. கல்முனை பஸாரில் தரை ஓடு விற்கும் கடையில் வேலை செய்கிறார், பகல் சாப்பாட்டுக்கு உம்மா வீடு, இரவுக்குச் சாய்ந்தமருது. லைலா ராத்தா கணவரைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார், 'எங்கட ஊட்டுக்காரர்' என்பதோடு சரி. நான் எப்படிக் கண்டேன்? அதே வாரம் லைலா ராத்தாவின் வீடும் குலுக்கலில் வந்தது. அங்கே போனவள் எங்களோடு படித்த றிஸ்லா. ஊசி வருகிறது என்று கேள்விப்பட்டு றாஸிக் பின் வாசலால் பள்ளிக்குப் போய்விட்டார். அப்போது தொழுகை நேரமே இல்லை. லைலா ராத்தா அவருடைய விபரத்தைச் சொல்லி எழுதுவித்தார், சீனிக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

எல்லாப் படிவங்களும் கணினிக்குள் போய், பெயர்கள் நீக்கப்பட்டு, இலக்கங்கள் மட்டும் மிஞ்சின. கூட்டிப் பார்த்தால் ஓர் அதிசயம். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்கள் இருநூற்று முப்பத்து நான்கு, ஆண்கள் இருநூற்று அறுபத்திரண்டு. முர்ஷித் சேர் குதூகலப்பட்டார். வளைகுடா நாடுகளிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள், இது ஒரு சமூக மாற்றம் என்று உடனே ஆறு ஸ்லைடு செய்தார். நான் தலையாட்டினேன். லைலா ராத்தா மட்டும், "சேர், இவ்வளவு ஆம்பிளையள் ஊர்ல இரிந்தா மீன் வாங்க நான் ஏன் போறன்?" என்றார். ஆண்களின் தரவைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்குக் கிடைத்தது.

அன்று அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். அவர் எல்லாரையும் பிறந்த தேதியின்படி வரிசைப்படுத்தி, இரண்டு விரலால் மெதுவாக இறங்கிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். எழுந்து போய் முகம் கழுவினார். "என்ன ராத்தா?" என்றேன். "தலையிடி" என்றார். கணக்கு விளங்கவில்லை போலும் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் பார்த்தது இதுதான். 1980 பெப்ரவரி 29 இல் பிறந்த ஆண் ஒருவர், பத்தாம் வகுப்பு, ஓட்டுக் கடை, கல்முனைக்குடியில் ஒரு வீட்டில், சீனி 286. அதற்கு அடுத்த வரியில் 1980 பெப்ரவரி 29 இல் பிறந்த ஆண் ஒருவர், பத்தாம் வகுப்பு, ஓட்டுக் கடை, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில், சீனி வெறுமை. நாலு வருஷத்துக்கு ஒருதரம் பிறந்தநாள் வருகிற மனிதரோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்?

முகம் கழுவிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். மாலைக்குள் அதுபோல இன்னும் முப்பது சோடியைக் கண்டுபிடித்தார். மொத்தம் முப்பத்தொரு ஆண்கள் இரண்டு வீடுகளில் எண்ணப்பட்டிருந்தார்கள். உம்மாவும் தன் வீட்டு ஆள் என்று சொல்லியிருக்கிறார், மனைவியும் சொல்லியிருக்கிறார், இரண்டு அடுப்பிலும் சாப்பாடு நடந்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து ஒருவரும் வரவில்லை. முப்பத்தொன்றில் ஒன்பது என் கைவேலை.

"எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?" என்று சேர் கேட்டார்.

"பிறந்த திகதியால அடுக்கினன் சேர்" என்றார் லைலா ராத்தா. அது உண்மைதான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் விடவில்லை. படிவத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்தேன், படிவம் பிழை என்றால் கொழும்பைக் கேளுங்கள் என்று சண்டை போட்டேன். ஒரு மணித்தியாலம் இழுபறிப்பட்டு, ஓர் ஆளை இரவு தூங்கும் வீட்டில் மட்டும் எழுதுவது என்று முடிவானது. எடுத்த அளவை அந்த வரிக்கு மாற்றி, மற்ற வரியை அழிக்க வேண்டும். ஆகவே அந்த இருநூற்று எண்பத்தாறைத் தன் வீட்டுக் கட்டத்துக்குள் தன் கையாலேயே எழுதினார் லைலா ராத்தா.

வீட்டில் நடந்ததைப் பிறகு றாஸிக் எனக்குச் சொன்னார். அடுத்த நாளே வெள்ளைச் சோறு போய்ச் சிவப்பரிசி வந்தது. தேநீரில் சீனி இல்லை. பாவற்காய் ஒருநாள் ஆணம், ஒருநாள் சுண்டல், ஒருநாள் சும்மா அவியல். பிள்ளைகள் இரண்டும் அழுதன. காரணம் கேட்டால் "எல்லாருக்கும் நல்லம்" என்பதோடு சரி. றாஸிக்குக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை, பகலில்தான் உம்மா வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டு வருகிறாரே. ஆனால் கால் விரலில் ஓடு விழுந்த காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் லைலா ராத்தா அதைப் பார்த்தார்.

"இஞ்சாருங்க, சீனி பாத்தீங்களா?"

"பாத்த. ஒண்டுமில்ல."

பொய் என்று அவருக்குத் தெரியும். எத்தனை என்றுகூடத் தெரியும். ஆனால் தெரிந்தது அமானிதத்தால் தெரிந்தது. வாயைத் திறந்தால் ஸாலிஹாவின் கலியாணத்தைக் கெடுத்த அந்த வாய்க்கும் தன் வாய்க்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தார். வாயை மூடினால் புருஷனின் கால் போகும். நானாக இருந்தால் அன்றே சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவர் உலுக்கவில்லை. தொழுதுவிட்டு துஆ கேட்டார். அப்போதும் பெயர் சொல்லவில்லையாம். "யா அல்லாஹ், நூற்றிப் பதினேழுக்கு சுகத்தக் குடு" என்று கேட்டாராம். லைலா ராத்தா இதைச் சொல்லும்போது நான் சிரித்துவிட்டேன். "அவனுக்கு எந்த இலக்கம் ஆருடயதெண்டு தெரியும்தானே" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மனைவியின் முகம் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை. தன் குற்றம் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று றாஸிக் முடிவு செய்தார். எது என்றுதான் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளத் தொடங்கினார். மச்சினனின் ஹெல்மெட்டை உடைத்தது தான்தான் என்றார். லைலா ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனதாகச் சொன்ன நாளில் கிரிக்கெட் பார்த்தது உண்மை என்றார். அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியில், போன பெருநாளுக்குக் கருப்பட்டியும் முட்டையும் போட்டு அவித்து வைத்த வட்டிலப்பத்தைத் தின்றது பூனை இல்லை என்றார். அதற்கு லைலா ராத்தா அழத் தொடங்கிவிட்டார். ஒரு வட்டிலப்பத்துக்கு ஒரு பெண் இப்படி அழுவாளா என்று மனிதர் பயந்துபோனார்.

வகுப்பிலும் லைலா ராத்தா முயற்சி செய்யாமல் இல்லை.

"சேர், கடிதம் குடுத்த ஆக்கள் கிளினிக்குக்குப் போனாங்களா எண்டு நாம போய்ப் பாக்க ஏலாதா?"

"திட்டத்துல இரிக்கி. ரெண்டு மாசத்துக்குப் பிறகு."

"ரெண்டு மாசத்துல கால் போயிரும் சேர்."

"எந்தக் கால்?"

"பொதுவாச் சொன்னன்" என்று லைலா ராத்தா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தார். "ஒராளையும் அடையாளம் காட்டாம, மொத்தக் கணக்கச் சொல்லலாம்தானே?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்" என்றார் சேர்.

"அப்ப கடைசி நாள் நான் கதைக்கிறன்."

கடைசி நாள் கருத்தரங்கில் பேசும் வாய்ப்பு எனக்குத்தான் வரும் என்று நான் ஏற்கனவே புது அபாயா தைத்து வைத்திருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

சாய்ந்தமருதில் ஒரு கலியாண மண்டபத்தில் நிகழ்ச்சி. குடும்பத்தாரை அழைக்கலாம், பகலுக்குப் புரியாணி உண்டு என்று அழைப்பிதழில் இருந்தது. புரியாணி என்றதால் ஆண்களும் வந்தார்கள். றாஸிக் மூன்றாம் வரிசையில், பக்கத்தில் அவருடைய உம்மா. ஆசியா உம்மாவை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஆறடி ஆளையும் தெரிந்தது. இவர்கள் ஏன் வந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே லைலா ராத்தாவின் சின்ன மகள் ஓடிவந்து "வாப்பா" என்று அந்த மடியில் ஏறினாள். தலையிடி, முகம் கழுவல், 'எந்தக் கால்', எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. விரலில் குத்தியவள் நான், ஒருத்தருக்கும் தெரியாது என்று பெருமையடித்தவளும் நான். எனக்கும் வாய் கட்டித்தான் இருந்தது.

லைலா ராத்தா மேடைக்குப் போனார். ஸ்லைடு ஒன்றே ஒன்று. 

"எங்கட கணக்குல முப்பத்தொரு ஆம்பிளையள் ரெண்டு தரம் வந்திட்டாங்க" என்று தொடங்கினார். "உம்மாட ஊட்டயும் சாப்பாடு, பொஞ்சாதிட ஊட்டயும் சாப்பாடு. ஆள ஒண்டாக்கிட்டம். ஆனா சாப்பாட்ட ஒண்டாக்க ஏலல்ல." சிரிப்பு எழுந்தது. "மத்த ஆம்பிளையள்ள அஞ்சு பேர்ல ஒராளுக்குத்தான் சீனி கூட. இந்த முப்பத்தொரு பேர்ல பதினேழு பேருக்குக் கூட." சிரிப்பு குறைந்தது. "ஆர் ஆரெண்டு நான் சொல்லமாட்டன், சொல்லவும் படா. கையில கடிதம் வாங்கிட்டு மறைச்சி வெச்சிரிக்கிற ஆள் இந்த மண்டபத்துல இரிந்தா, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்க. மறைச்சா வருத்தம் போகாது. கால்தான் போகும்."

மூன்றாம் வரிசையை அவர் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் ஆண்கள் எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். றாஸிக் கட்டுப் போட்ட காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். காரியம் ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆசியா உம்மா எழுந்து நின்றார்.

"என்ட மகனுக்கு நான் சோறு போடுறது குத்தமா மருமகள்? உங்களுக்கு முன்னாலயே அவனுக்குச் சோறு போட்டவ நான். சபைல வெச்சி உம்மாமார இப்பிடிச் சொல்லப்படா."

"மாமி, நான் பொதுவா..." என்றார் லைலா ராத்தா.

"பொதுவா என்ன பொதுவா. அவனுக்கு இருநூத்தி எம்பத்தாறு எண்டு இந்தப் புள்ள வந்து சொன்ன நாள்ல இரிந்து" என்று கை நேராக என்னைக் காட்டியது, "நான் அவனுக்கு வெள்ளச் சீனி போட்டதே இல்ல. தேத்தண்ணிக்கும் கருப்பட்டி, பால் சோறுக்கும் கருப்பட்டி. வட்டிலப்பமெண்டா கேக்கவே தேவல்ல. கேட்டுப் பாருங்க அவனுக்கிட்ட."

மண்டபம் முழுவதும் றாஸிக்கைத் திரும்பிப் பார்த்தது. ஆறடி மனிதர் கதிரையில் எவ்வளவு வழுக்க முடியுமோ அவ்வளவு வழுக்கினார். முன்வரிசையில் இருந்த டொக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். முர்ஷித் சேரிடம் இதற்கு ஸ்லைடு இல்லை.

மேடையில் லைலா ராத்தா மட்டும் அசையாமல் நின்றார். ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகச் சொன்னார்.

"மாமி, ஆக்கள்ட விபரம் இங்க சொல்லப்படா."

அதற்குப் பிறகு அந்தக் கருத்தரங்கை யாராலும் நடத்த முடியவில்லை. புரியாணியை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள்.

மண்டபத்துக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில், புரியாணிக் கோப்பையோடு றாஸிக் மனைவியிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், நகரவில்லை. நகர்ந்திருக்க வேண்டும்.

"லைலா, உனக்கு முதல்லயே தெரியும் என்ன?"

"என்ட தரவுல பேர் இல்ல."

"அப்ப அந்தச் சிவப்பரிசி?"

"அது எல்லாருக்கும் நல்லம்."

"நான் ஒண்டுமில்லயெண்டு சொல்லக்குள்ள பேசாம இரிந்தாயே புள்ள."

லைலா ராத்தா கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் தந்தார். குனிந்து, அவிழ்ந்திருந்த கால் கட்டை இறுக்கிக் கட்டினார். அப்போதுதான் றாஸிக்குக்கு விளங்கியது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"வாப்பாட கால எடுத்த நாள்ல நான்தான் ஆசுபத்திரில நிண்ட. அது எனக்கும் வந்திட்டெண்டு உனக்கிட்டச் சொல்ல வாய் வரல்ல. பயந்திட்டன்."

"நானும்தான்" என்றார் லைலா ராத்தா. அவ்வளவுதான். இரண்டு பேருடைய கண்ணும் நிறைந்திருந்தது, எனக்கும் நிறைந்தது. நான் புரியாணி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வியாழக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனார்கள். கடிதம் தொலைந்திருந்தால் புதியது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நானும் போனேன். தேவைப்படவில்லை. ஆசியா உம்மா தன் பையிலிருந்து அதே கடிதத்தை எடுத்தார். யாரும் பார்க்கக்கூடாது என்று அரிசி வாளியின் அடியில் வைத்திருந்தாராம். தினமும் அதற்கு மேலிருந்துதான் மகனுக்கு அரிசி அள்ளியிருக்கிறார். மடிப்பைப் பிரித்தபோது மாவும் இரண்டு வண்டும் உதிர்ந்தன. கணவனின் காலைப் போலவே மகனின் காலும் ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவரும் ஒளித்திருக்கிறார் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அவர் மேல் இருந்த கோபத்தை நான் அங்கேயே விட்டேன்.

சீனி பார்த்தார்கள், காயத்தைப் பார்த்தார்கள், காலுக்கு ஒன்றும் ஆகாது, மருந்தும் சாப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பிறகு நேர்ஸ் ஸகியா கொப்பியைத் திறந்தார். வீட்டுக்கு வந்து சமையலைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை அனுப்புவார்களாம்.

"விலாசம்?"

றாஸிக் உம்மாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். லைலா ராத்தாதான் பதில் சொன்னார்.

"கல்முனைக்குடி விலாசத்த எழுதுங்க மிஸ். பகலைக்கு மாமிட கையாலதான் சாப்பிடுற. அதுதான் பெரிய சாப்பாடு. அங்க ஆள அனுப்புங்க."

இரவு தூங்கும் வீட்டைத்தான் எழுத வேண்டும் என்று எங்களோடு சேர்ந்து முடிவெடுத்த ஆள் இவர். தன் புருஷனைத் தன் வீட்டு வரியில் தன் கையால் எழுதியவர். இப்போது அவரே விட்டுக்கொடுக்கிறார். ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேர்ஸிடம் சொன்னார்.

"சாய்ந்தமருதையும் எழுதுங்க மகள். ராவைக்கு அங்கதானே."

"ஒராளுக்கு ஒரு விலாசம்தான் உம்மா" என்று நேர்ஸ் பேனாவை வைத்தார். "ரெண்டு எழுதினா கணக்குப் பிழைக்கும்." சொல்லிவிட்டு, தரவுப் பயிற்சிப் பட்டி கழுத்தில் தொங்கிய என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மிஸ், எழுதலாமா?"

ஒன்பது பேரை இரட்டைப் பதிவு செய்து, அதற்காக வகுப்பில் சண்டை போட்டு, பிறகு அதைத் திருத்தவும் படித்தவள் நான்.

"ரெண்டையும் எழுதுங்க" என்றேன்.